படத்தில் இருக்கும் வீடும் நீங்கள் இருக்கும் வீடும்

வாசகர் கேள்விகள், வடிவமைப்பாளர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படங்களோடு வந்திருக்கின்றன. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் வேறு யாருடைய வீடோ. தங்கள் அறையின் நீள அகலத்தையும் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தக் கடிதங்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி எழுதவும்.

ஸ்காண்டிநேவிய பாணி வரவேற்பறைப் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டேன் அக்கா. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், சாம்பல் நிற சோபா. என் கணவருக்கோ அவருடைய தாத்தா காலத்துக் கறுத்த மர பீரோவையும் சாய்வு நாற்காலியையும் பிரிய மனமில்லை. அறை 4 மீட்டருக்கு 5 மீட்டர். மேற்கே பெரிய ஜன்னல், பிற்பகல் முழுக்க வெயில். இரண்டு பேர் ஆசையையும் சேர்க்க முடியுமா?

ஜன்னலின் திசையை எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு நீண்ட பதில்.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரந்தான். அந்த ஆறு மணி நேரமும் சூரியன் தொடுவானத்தை ஒட்டியே ஊர்ந்துவிட்டுப் போய்விடும். கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தைச் சுவர் விட்டுச் சுவர் தெறிக்கவைத்து அறையின் கோடி வரை கொண்டுபோக வேண்டிய கட்டாயம் அந்த மக்களுக்கு இருந்தது. அதனால்தான் வெள்ளைச் சுவர், மறைக்காத ஜன்னல், வெளிர் தரை. பிர்ச்சும் பைனும் அவர்கள் காட்டில் வளர்கிற மரங்கள், அவ்வளவுதான். ஃபின்லாந்தின் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1930களின் தொடக்கத்தில் பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக மரத் தகடுகளை வளைத்து ஒரு நாற்காலி செய்தார். நோயாளி சிரமமின்றி மூச்சுவிடுவதற்கு ஏற்ற சாய்வில் அதன் முதுகை அமைத்தார். அன்றைய நவீன நாற்காலிகளின் எஃகுக் குழாய் உடம்பில் பட்டால் சில்லிடும் என்பதால் மரத்தைத் தேர்ந்தார். அந்த நாற்காலி இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒவ்வொரு பாணியும் யாரோ ஒருவருடைய தொல்லைக்குக் கிடைத்த விடை. விடையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தால் நம் வீட்டுக் கணக்குக்கு அது பொருந்தாது.

உங்கள் கணக்கு நேர்மாறானது. மேற்கு வெயில் தாழ்வாக, நேராக உள்ளே வரும். தூய வெள்ளைச் சுவரில் அது பட்டால் மூன்று மணிக்குக் கண் கூசும், தொலைக்காட்சித் திரையில் உங்கள் முகந்தான் தெரியும். வெளிர் நிறமே அடியுங்கள், ஆனால் மண் சாயல் கலந்த வெளிர் நிறமாக, பளபளப்பே இல்லாத மேட் பூச்சாக இருக்கட்டும். கடையில் கொடுக்கும் அட்டையில் உள்ள நகம் அளவுச் சதுரத்தை நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு பிளைவுட் பலகையில் இரண்டு கோட்டு அடித்து, காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள். பலகையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் சாய்த்து வைத்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஜன்னல் இருக்கும் சுவரிலும் வைத்துப் பாருங்கள். பகலில் அறையிலேயே இருண்ட சுவர் அதுதான்.

இனி பீரோ. வெளிர் அறையில் ஒரே ஒரு கறுத்த பொருள் தனியாக நின்றால், முகவரி தவறி வந்துவிட்ட விருந்தாளிபோல் விழிக்கும். அதே கருமையை இன்னும் இரண்டு இடங்களில் சின்னதாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு படச் சட்டம், ஒரு நிலைவிளக்கின் தண்டு போதும். சாய்வு நாற்காலியை மட்டும் நேர் வெயிலிலிருந்து நகர்த்திவிடுங்கள், மெருகு வெளுத்துவிடும். சாம்பல் நிற சோபா வாங்குவதாக இருந்தால் பச்சை, நீலச் சாயல் தட்டாத சாம்பலாகப் பாருங்கள். கறுத்த மரத்தின் பக்கத்தில் அந்தக் குளிர்ச் சாயல் அழுக்காகத் தெரியும்.

கணவரிடம் சொல்லிவிடுங்கள்: இந்த வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம்.

மேற்கூரைக்குக் கரும் நிறம் அடித்தால் அறை சின்னதாகிவிடும் என்று பெயின்டர் பயமுறுத்துகிறார். உண்மையா மேடம்?

உயரம் குறைந்தாற்போல் தோன்றும். படுக்கையறையில் அது நல்லதே. கூடத்தில் நான் செய்ய மாட்டேன். மேட் பூச்சாக மட்டும் கேளுங்கள், பளபளப்பு இருந்தால் கூரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். உங்கள் பெயின்டரின் பயத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். அடர்ந்த நிறம் மூன்றாவது கோட்டு கேட்கும், அதுவும் தலையை அண்ணாந்தபடி.

எங்கள் சமையலறை 2 மீட்டருக்கு மூன்றரை மீட்டர். நடுச்சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்துத் திறந்த சமையலறையாக்க ஆசைப்படுகிறோம். மாமியார் ஒரேயடியாக எதிர்க்கிறார். தாளிக்கும் புகையும் சத்தமும் வீடு முழுக்க வரும் என்கிறார். டைல்ஸ் போடுபவர் ‘தாராளமாக இடிக்கலாம்’ என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டைல்ஸ் போடுபவர் டைல்ஸைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரை இடிக்கலாமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தூணும் விட்டமும் உள்ள கட்டடத்தில் நடுச்சுவர் வெறும் தடுப்பாக இருக்கக்கூடும். சுவர்களே பாரம் தாங்கும் கட்டடத்தில் அதே சுவர் மேல் தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். தட்டிப் பார்த்தோ தடிமனைப் பார்த்தோ இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடுக்குமாடி என்றால் மேல் வீட்டாரின் தரையும் உங்கள் சுத்தியலோடு சம்பந்தப்பட்டது. பொறியாளருக்கான கட்டணத்தை மிச்சப்படுத்த நினைப்பது இந்த வேலையில் மிக மோசமான சிக்கனம்.

இடிக்கலாம் என்றே அவர் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். உங்கள் அளவு எனக்கு உடனே ஒன்றை நினைவுபடுத்தியது. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் பிராங்க்பர்ட் நகரின் புதிய தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். கிட்டத்தட்ட உங்களுடையதுதான்! ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்காகத் திரும்புகிறார் என்று நேரம் குறித்துப் பார்த்தார். நின்று செய்யத் தேவையில்லாத வேலைக்கு ஜன்னலடியில் மேடையும் சுழல் முக்காலியும் வைத்தார். பொருள்களுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை. அந்நகரில் மட்டும் சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று மாடுலர் கிச்சன் என்று விற்கப்படுவதற்கெல்லாம் மூத்த தாய் அதுவே. அதை வரையும்வரை தாம் சமைத்ததே கிடையாது என்று பின்னாளில் அவரே சொன்னார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அந்தச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே அவர் வைத்தது ஓர் அகலமான நகரும் கதவு. திறந்தால் கூடத்தில் விளையாடும் குழந்தை கண்ணில் படும். மூடினால் புகையும் சத்தமும் அந்தப் பக்கம் போகாது. உங்கள் மாமியாருக்கும் உங்களுக்கும் நடுவே நான் வைக்கப்போவதும் அதையேதான். சுவரை முழுக்க எடுக்காமல், பொறியாளர் அனுமதித்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மட்டும் திறந்து, மேலே சுவரின் பாரத்தைத் தாங்க முறையான லிண்டல் (குறுக்கு விட்டம்) கொடுத்து, கண்ணாடி பதித்த நகரும் கதவு போடுங்கள். அந்தச் சுவர் நின்றால்தான் மேல் அலமாரி மாட்ட இடம் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். திறந்த சமையலறை கேட்பவர்கள் அங்கே போகப்போகிற அலமாரிகளின் நீளத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மேடை உயரத்துக்கு யாரோ எழுதிவைத்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. பெரும்பாலோருக்கு இது 85 முதல் 90 சென்டிமீட்டருக்குள் அமையும். நீங்களும் மாமியாரும் மாறிமாறிச் சமைப்பவர்கள் என்றால், உயரம் குறைந்தவருக்கு ஏற்றபடி அடுப்புப் பகுதியையும் உயரமானவருக்கு ஏற்றபடி தொட்டிப் பகுதியையும் வையுங்கள். பாத்திரம் கழுவும்போது கை தொட்டிக்குள் இறங்குவதால் அங்கே சற்று உயரம் இருப்பதே முதுகுக்கு நல்லது. 2 மீட்டர் அகலத்தில் இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் மேடை போட்டால் நடுவில் 80தான் மிஞ்சும். இருவர் கடக்க முடியாது. ஒரு பக்கத்து மேடையை 40ஆகக் குறைத்தால் ஒரு மீட்டர் கிடைக்கும். அந்த ஆழத்தில் பொருள்களும் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொள்ளாது.

புகையைப் பொறுத்தவரை மாமியார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. புகையை உறிஞ்சி வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் கருவியை வாங்காதீர்கள். குழாய் வழியே வெளியே தள்ளுவதாக, வளைவுகள் குறைந்த குழாயாக இருக்க வேண்டும்.

படுக்கையறைச் சுவரின் கீழ்ப்பாதியில் பெயின்ட் உரிந்து வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சுரண்டிவிட்டு அடிக்கிறோம், மறுபடி வருகிறது. இந்த முறை தாவர வேலைப்பாடு கொண்ட சுவர்த்தாள் ஒட்டி மறைத்துவிடலாமா? மரப் பலகை அடித்துவிடலாமா? எது அழகாக இருக்கும்?

எதுவும் அழகாக இருக்காது. ஓதமேறிய சுவருக்குப் போர்வை போர்த்தினால் போர்வைக்குப் பின்னால் பூஞ்சை வளரும். அதை நீங்கள் தினமும் இரவு முழுக்க மூச்சில் இழுப்பீர்கள்.

அந்த வெள்ளைப் பொடி உப்பு. சுவருக்குள் நுழைந்த நீர் செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. படிகம் படிகமாக வளர்ந்து பெயின்ட்டைத் தள்ளுகிறது. எனவே எந்தப் பெயின்ட் என்ற பேச்சை நிறுத்திவிட்டு, நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஓர் எளிய சோதனை: ஒரு சதுர அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் ஈரம் இருந்தால் நீர் சுவர் வழியே வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

சுவர் வழியே என்றால் மறுபக்கம் குளியலறையா, வெளிச்சுவரா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று பாருங்கள். வெளிப்புறத் தரைமட்டம் உள்தரையைவிட உயர்ந்துவிட்டால் போதும், இந்தக் கதை தொடங்கிவிடும். வெளியே பலமுறை மண் கொட்டி, தளம் போட்டு உயர்த்திய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வந்த வழியை அடைத்த பிறகு, கெட்ட பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலும் அரை மீட்டர் வரை பொளிந்து எடுத்துவிட்டு, சுவரை மாதக்கணக்கில் காயவிடுங்கள். ஆம், மாதக்கணக்கில்தான். பழைய செங்கல் சுவர் என்றால் சுண்ணாம்புப் பூச்சு நல்லது, அது ஈரத்தை வெளியே விடும். நீர் புகாத பெயின்ட் என்று உள்பக்கம் அடிப்பது ஈரத்தைச் சுவருக்குள் சிறை வைப்பது. அது இன்னும் மேலே ஏறி வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும்.

சுவர்த்தாள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் ஒட்டப்பட்ட பச்சைச் சுவர்த்தாள்கள் பலவற்றில் ஆர்சனிக் கலந்த சாயம் இருந்தது. கைவினை மரபைத் தூக்கிப்பிடித்த வில்லியம் மோரிஸின் தொடக்ககாலத் தாள்களிலும் அது உண்டு, அவர் குடும்பத்துக்கு ஆர்சனிக் எடுக்கும் சுரங்கத்தில் பங்கும் இருந்தது. இன்றைய தாள்களில் அந்த நஞ்சு கிடையாது. பூஞ்சைக்குத் தாளும் பசையும் உணவு என்பது மட்டும் இன்றும் மாறவில்லை.

மினிமலிசம் என்று ஆரம்பித்து வீட்டில் பாதிப் பொருள்களைக் கொடுத்துவிட்டோம். இப்போது வீடு மருத்துவமனை வார்டு மாதிரி இருக்கிறது. நண்பர்கள் பேசினால் எதிரொலிக்கிறது. என்ன தவறு?

பொருளைக் குறைத்தீர்கள், பரப்புகளைக் கவனிக்கவில்லை. அலங்காரமே கூடாது என்று ஒரு நூற்றாண்டுக்கு முன் பெருங்குரல் எழுப்பியவர் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸ். அவர் பிராகில் கட்டி 1930இல் முடித்த முல்லர் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். வெளியே மொட்டை வெள்ளைப் பெட்டி. உள்ளே பச்சை வரியோடும் சிப்போலினோ பளிங்கு, ரேகை தெரியும் மரப் பலகை, கம்பளங்கள். செதுக்கிய பூவேலையை விலக்கியவர் பொருளின் இயல்பான கோலத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்.

ஜப்பானிய அறையும் அப்படித்தான். உள்ளே ஒன்றுமில்லைபோல் இருக்கும். ஆனால் தரை முழுக்கக் கோரைப் பாய், ஒவ்வொரு பாயும் சுமார் 90க்கு 180 சென்டிமீட்டர், நெய்த வரிகள் கண்ணுக்கும் பாதத்துக்கும் தெரியும். கதவில் ஒளியை வடிக்கும் தாள். படுக்கை எங்கே போயிற்று என்றால், நகரும் கதவுக்குப் பின்னால் ஆழமான அலமாரிக்குள். வெறுமையாகத் தெரியும் அறைக்குப் பக்கத்தில் நிறைந்த அலமாரி ஒன்று கட்டாயம் உண்டு.

உங்கள் வீட்டில் எதிரொலிப்பது டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கண்ணாடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால். தடித்த கம்பளம், மடிப்பு அதிகமுள்ள கனத்த திரைச்சீலை, துணி போர்த்திய சோபா, புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி ஆகியவை ஒலியை விழுங்கும். விளக்கையும் பாருங்கள். எல்லா அறையிலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்) வெள்ளை விளக்கு போட்டிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றுங்கள், பொருள்களின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் குறியீடு (சிஆர்ஐ) 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மருத்துவமனை வாடை பாதி அதிலேயே போய்விடும்.

புதிய வீடுதான், மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இண்டஸ்ட்ரியல் ஸ்டைல் பிடிக்கும். ஒரு சுவரின் பூச்சை உடைத்துச் செங்கல்லை வெளியே தெரியவைக்கலாமா சார்?

சார் இல்லை, தம்பி. கேள்விக்கும் விடை அதே: இல்லை.

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 1960களில் ஓவியர்கள் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் குடியேறினார்கள். இடம் பெரிது, வாடகை குறைவு. அங்கே வசிக்கச் சட்டம் அனுமதிக்கவே இல்லை, 1971இல்தான் நகர நிர்வாகம் வழிவிட்டது. பூசாத செங்கல்லும் தொங்கும் குழாயும் அவர்கள் விரும்பித் தேர்ந்தவை அல்ல, மூடப் பணமில்லை.  உங்கள் சுவரைக் கட்டிய கொத்தனார் மேலே பூச்சு வரப்போகிறது என்ற நிம்மதியில் கட்டினார். உடைத்தால் ஒழுங்கற்ற கலவையும், மின்குழாய் போன தடமும், உடைசலை அடைத்த துண்டுக் கற்களுமே தெரியும். தூசி ஓயாமல் உதிரும். கறுத்த இரும்புச் சட்ட அலமாரி, தடித்த மரப் பலகை மேசை, உலோகக் கூடு போட்ட தொங்கு விளக்கு போதும். சுவரை விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. முழங்கால் வலி உண்டு. அவருடைய குளியலறையைப் புதுப்பிக்கிறோம். பெரிய பெரிய பளிங்கு போன்ற டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு என்று ஓட்டல் அறைபோல் செய்ய ஆசை. கைப்பிடிக் கம்பி வைத்தால் ‘என்னை நோயாளி ஆக்காதே’ என்று கோபித்துக்கொள்கிறார். எப்படி சமாளிப்பது அக்கா?

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. கம்பி என்றால் மருத்துவமனையில் பார்த்த வெள்ளை பிளாஸ்டிக் கம்பியே அவர் மனத்தில் இருக்கும். துண்டு மாட்டும் கம்பியைப் போலவே தோற்றமளிக்கும் பிடிகம்பிகள் கிடைக்கின்றன, குழாயின் அதே நிறத்தில், அதே மெருகில். ‘துண்டுக் கம்பி’ என்று சொல்லியே மாட்டிவிடுங்கள். ஒரே நிபந்தனை: சாதாரணத் துண்டுக் கம்பியை அந்த வேலைக்கு நம்பாதீர்கள். வழுக்கும் நொடியில் முழு உடல் எடையும் அதில் தொங்கும். டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரில் கம்பி வரும் இடத்தைத் திடமாக்கி, நீண்ட நங்கூர ஆணியில் மாட்ட வேண்டும். தரையிலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். கழிப்பிருக்கை பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, நுழைவாயில் ஓரம் ஒன்று.

ஓட்டல் குளியலறையை இரண்டு நாள் தங்குபவருக்காகச் செய்கிறார்கள். உங்கள் தந்தை இரவில் தூக்கக் கலக்கத்தில் தினமும் போகிறார். பளபளப்புத் தரை டைல்ஸை மறந்துவிடுங்கள். வாங்கும்போது வழுக்கு எதிர்ப்புக் குறியீட்டைக் கேளுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரை உண்டு. குளியலறைக்கு ஆர் 10க்குக் குறையாமல், வெறும் பாதத்துக்கான தரத்தில் பி வகையாக இருக்கட்டும். பெரிய டைல்ஸ் சுவருக்குப் போடுங்கள், ஆசை தீரட்டும். குளிக்கும் தரைக்குச் சின்னச் சதுரங்களே சரி. இணைப்புகள் அதிகமாக அதிகமாகப் பிடிமானமும் அதிகம், வாட்டம் கொடுப்பதும் எளிது. வாட்டம் 80 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிய வேண்டும். குளிக்கும் பகுதிக்கும் மற்றதற்கும் நடுவே மேடோ படியோ வைக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் விளிம்பு போதும் கால் தடுக்க.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது நகரும் கதவாக இருக்கட்டும். உள்ளே யாரேனும் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே மறித்துவிடும். திறந்த வழி 80 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கழிப்பிருக்கையின் உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர் இருந்தால் முழங்கால் அதிகம் மடங்காது. படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையோரமாக ஆள் அசைவில் எரியும் மங்கிய விளக்கு. தரை, சுவர், இருக்கை மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் வயதான கண்ணுக்கு விளிம்பு தெரியாது. இருக்கைக்குப் பின் சுவருக்காவது அடர்ந்த நிறம் கொடுங்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் போடுவதற்கு முன், வடிகாலை அடைத்துத் தரையில் நீர் தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். ‘எதற்கு நேர விரயம்’ என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது என்பது உரிமையாளர் கட்டளை. வீட்டை அழகுபடுத்த வழியே இல்லையா?

இருக்கிறது, எல்லாம் நீங்கள் போகும்போது கூடவே வரும். கூரை நடுவில் உள்ள ஒற்றை விளக்கை மாலையில் அணைத்துவிடுங்கள். பிளக்கில் செருகும் மூன்று விளக்குகளைக் கண்மட்டத்துக்குக் கீழே, அறையின் வெவ்வேறு மூலைகளில் வையுங்கள். கம்பளம் வாங்கினால், சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும் அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். நடுவில் தீவுபோல் கிடக்கும் சின்னக் கம்பளம் அறையையும் சின்னதாக்கும். பெரிய படத்தையும் கண்ணாடியையும் மேசைமேல் சாய்த்து வைக்கலாம், நழுவாமல் அடியில் ரப்பர் வையுங்கள். பெரிய இலைச் செடி ஒன்று. பூட்டியே வைக்கும் அலங்காரப் பொருள்களில் பணத்தைப் போடாமல் நல்ல நாற்காலி ஒன்றில் போடுங்கள்.

சோபாவும் தொலைக்காட்சி அலமாரியும் தள்ளுபடியில் வாங்கி வைத்துவிட்டோம். தரையும் மின்கம்பியும் இனிமேல்தான் மாற்ற வேண்டும். எந்த வேலையை முதலில் தொடங்கலாம்?

சோபாவை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்கலாம்.

பிறகு இடிப்பு, அதன்பின் சுவருக்குள் போகும் குழாயும் மின்கம்பியும், நீர்த்தடுப்பு, பூச்சு, பட்டி, முதல் கோட்டுப் பெயின்ட், தரை, மர வேலை, கடைசிக் கோட்டு. தரை போட்டவுடன் தடித்த அட்டையால் மூடச் சொல்லுங்கள், தச்சர் வருவார். பூச்சு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்துச் சுவரில் துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படந்தான் சொல்லும். தொலைக்காட்சி அலமாரியின் அளவை எடுத்து பிளக் புள்ளிகள் எங்கே வரவேண்டும் என்று எலெக்ட்ரீஷியனிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். அவசரமாக வாங்கியதற்கு அந்த ஒரு பயனாவது கிடைக்கட்டும்.

நூறு ஆண்டுப் பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். கதவு ஜன்னல்களில் ஏழெட்டு அடுக்குப் பெயின்ட். தேய்த்து எடுத்து மர நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாங்களே செய்யலாமா மேடம்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கைக்குழந்தை இருக்கும்போது கூடாது. பழைய பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். உலரத் தேய்த்தால் எழும் தூசியும், வெப்பக் காற்றால் சுட்டால் எழும் புகையும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முதலில் ஒரு சில்லைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஈயம் இருந்தால், கதவுகளைக் கழற்றி வெளியே கொண்டுபோய், பழக்கமுள்ளவர்கள் ரசாயனக் களிம்பு தடவி ஈரமாகவே சுரண்டி எடுக்கட்டும். உரியாமல் உறுதியாக இருக்கும் இடங்களில் மேலே புதுக்கோட்டு அடித்து மூடிவிடுவதும் ஏற்கத்தக்க வழியே. மரம் தெரிய வேண்டும் என்ற ஆசையை முன்கதவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதினான்கு வயது மகள் தன் அறைக்குக் கறுப்பும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கேட்கிறாள். அலமாரி, கட்டில் எல்லாமே அந்த நிறத்தில் வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றுகிறது.

உங்கள் மகளுக்கு நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள். 1980 டிசம்பரில் மிலான் நகரில் எத்தோரே சொட்சாஸ் என்ற மூத்த வடிவமைப்பாளர் இளம் வடிவமைப்பாளர்களைத் தம் வீட்டில் கூட்டினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மெம்ஃபிஸ் என்ற பெயரில் அவர்கள் காட்சிக்கு வைத்த மேசை நாற்காலிகள் இதே நிறங்களில்தான் இருந்தன. மலிவான லேமினேட் தகடு, கோணல் கால்கள், புழு நெளிவதுபோன்ற கறுப்பு வெள்ளைக் கோலம். நவீனம் என்றாலே சாம்பலும் பழுப்பும் என்றாகிவிட்ட சலிப்புக்கு எதிராக எழுந்த கூச்சல் அது. ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் மான்டி கார்லோவில் இருந்த தம் குடியிருப்பை முழுக்க முழுக்க அவற்றாலேயே நிரப்பினார். 1991இல் எல்லாவற்றையும் ஏலத்தில் விற்றுவிட்டார்.

லாகர்ஃபெல்ட்டுக்கே அலுத்தது உங்கள் மகளுக்கு அலுக்காதா? ஆகவே அவளிடம் பேரம் பேசுங்கள். சுவர், திரைச்சீலை, படுக்கை விரிப்பு, விளக்குக் கூடு எல்லாம் அவள் இஷ்டம், நீங்கள் வாயே திறக்கக் கூடாது. கட்டிலும் சுவரோடு பொருத்திய அலமாரியும் உங்கள் இஷ்டம், அமைதியான மர நிறம் அல்லது வெள்ளை. அலமாரியின் கைப்பிடிகளை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் மாற்றிவிடலாம். மூன்று நிறங்களும் சம அளவில் வந்தால்தான் தலை சுற்றும். ஒன்று பெரும்பகுதி, இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு, மூன்றாவது ஆங்காங்கே என்று அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் நாளில் உருளையை அவள் கையில் கொடுங்கள். மூலைகளை நீங்கள் பிரஷ்ஷால் முடித்துக்கொள்ளலாம்.

திரைச்சீலை எந்த உயரத்தில் தொங்க வேண்டும்?

கம்பி ஜன்னல் சட்டத்துக்கு மேலே, கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருக்கட்டும். ஜன்னலைவிட இருபக்கமும் 20 சென்டிமீட்டராவது நீளட்டும், விலக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது. கீழே தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு. தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள், பருத்தியும் லினனும் சுருங்கும்.